ஆட்சேபக் கட்டணம்

கறுவாத்தோட்டத்துக் கிளப்பின் மாடியறையில்
ஏழு கதிரை, ஐந்து பித்தளைத் தகடு.
தகடுகளில் இன்னும் எழுத்தில்லை.
விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
பெயர்ப்பட்டியலின் ஓரம் எழுந்து எழுந்து அமர்கிறது.

என்னை அழைத்தது என் கொப்பிகளுக்காக.
ஒருநாளும் ஸ்டியரிங் பிடித்தவளல்ல நான்.
ரயர் இறக்குமதிக் கந்தோரில் தட்டெழுத்து.
ஞாயிறுகளில் கொடிக்கம்பத்தடியில் ஒரு வாங்கு,
மடியில் கொப்பி,
ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சில்,
போகிற காருக்கு ஒரு கோடு.
நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே.
இருபத்தாறு வருஷம் இந்த நகரத்தின் வேகத்தை
விறகுக்கட்டாய்க் கட்டிக் கட்டி வைத்தேன்.

பந்தயத்துக்கென்று பிறந்த கார்களில்லை அவை.
வெள்ளிவரை வங்கிக்குப் போன மொரிஸ்.
சனியன்று கொட்டாஞ்சேனையில் மணப்பெண் ஏறிய ஒஸ்ரின்,
பின்சீற்றில் அறுகரிசி கிடக்கக் கிடக்க
மறுநாள் ஓடுபாதையில் முழங்கியது.
திங்கள் காலை அதே கார்
பள்ளிக்கூட வாசலில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.

தலைவர் விதியை வாசிக்கிறார்:
"ஒரு சம்பியன் பட்டமாவது இருக்க வேண்டும்."
லயனல் வீரக்கொடிக்கு மூன்று. ஏழு கையும் உயர்ந்தது.
ஷொக்மன் சகோதரர் இருவருக்கும்
ஒரே தகடா இரண்டா என்று முக்கால் மணித்தியாலம்.
கட்லட் வந்து ஆறிப்போனது.
செத்தவருக்கு முன்னுரிமை கொடுப்போம் என்றார் ஒருவர்.
உயிரோடிருப்பவர்தான் விருந்துக்கு வருவார்,
நன்கொடையும் தருவார் என்றார் பொருளாளர்.

பிறகு, துவான் ஜுமாட்.
"நல்ல ஓட்டக்காரன்தான். பட்டம் இல்லையே.
எழுபத்தெட்டில் ஒரு சுற்றால் போச்சு."
அடுத்த பெயருக்குப் போனார்கள்.

ஒரு சுற்று.
அன்று மழை கடற்பக்கமாய் வந்தது.
பதினான்காம் சுற்றில்
சேறு எல்லா இலக்கங்களையும் தின்றுவிட்டது.
ஒன்றா ஏழா, ஒரு கண்சிமிட்டல்,
கோட்டை வீரக்கொடிக்குப் போட்டேன்.
காது மட்டும் வேறு சொன்னது:
துவானின் டட்சன் கியர் மாற்றும்போது இருமும்.
இருமியது.
கை அதற்குள் எழுதி முடித்திருந்தது.

ஆட்சேபம் சொல்ல அரை மணி நேரம் இருந்தது.
கட்டணம் இருநூற்றைம்பது ரூபா.
தலையில் துவாயோடு வாங்குக்கு வந்தான்.
கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"மிஸ் எண்ணினா சரியாத்தான் இருக்கும்"
என்றுவிட்டுப் போனான்,
பஞ்சிகாவத்தையில் யார் யாருடையவோ
பிரேக் லைனிங் ஒட்டுவதற்கு.
அது நம்பிக்கையா, குத்தலா,
வெறும் காசில்லாமையா என்று
தெரியாமலே பென்சன் எடுத்தேன்.

இப்போது கொப்பியை மேசையில் விரித்தேன்.
மழை விழுந்த இடம் இன்னும் ஊதா.
"இந்தக் கோடு என் பிழை."
வீரக்கொடியின் மகன் கதிரையைப் பின்னே தள்ளினார்.
மூன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது முகத்தில் தெரிந்தது.
தலைவர் தொண்டையைச் செருமினார்:
"அரை மணி நேரம் தாண்டிவிட்டதே, மிஸ்."
ஓம். கொஞ்சம் தாண்டித்தான் விட்டது.

கைப்பையைத் திறந்தேன்.
ஒரு நூறு, இன்னொரு நூறு, ஓர் ஐம்பது.
இன்றைக்கு ஒரு கொத்துரொட்டிக்கும் போதாத காசு.
திரும்பும் வழியில் வெண்டைக்காய்க்கென்று வைத்திருந்தது.
பித்தளைக்குப் பக்கத்தில் வைத்து
விசிறிக்குப் பறக்காதிருக்க
மேலே பென்சிலை வைத்தேன்.

யாரும் தொடவில்லை.
கீழே வீதியில் ஓட்டோக்கள்.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
ஐந்தாவது வருமுன்
பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை இழுத்து,
பேனையின் மூடியைக் கழற்றி,
யாரையும் பார்க்காமல் கேட்டார்:
"யார் பெயரில் எழுத?"